கார்புரேட்டர் திருகு

“மறுபடியும் செவப்பு லைட்டுதாங்கப்பா எரியுது” என்று சொல்லிவிட்டு, ஷ்யாம் ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே பாட்டுதான். அப்பாவின் முப்பது வருடத்துப் பியட் கார். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிகிறவன், ஞாயிறு வந்தால் பானட்டுக்குள் குனிந்தான். அமெரிக்காவில் இருக்கும் நண்பனிடம் சொல்லி ஆக்சிஜன் சென்சார் ஒன்றை வரவழைத்து, புகைக்குழாயில் பொருத்தி, டாஷ்போர்டில் அதன் மீட்டரையும் வைத்திருந்தான். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்தால் பச்சை எரியும். பெட்ரோல் அதிகமானால் சிவப்பு.

அந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, சாயங்காலத்துக்குள் எப்படியாவது பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவான். அடுத்த ஞாயிறு ஸ்டார்ட் செய்தால் குப்பென்று கரும்புகை, சிவப்பு விளக்கு. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

அலுத்துப்போய் விட்டுவிடவும் முடியவில்லை. அம்மா விசாலத்துக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் பூனா விமான் நகர் வீட்டிலிருந்து பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போய் வந்தாள். பள்ளத்துக்குப் பள்ளம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

டாக்சி வைக்கலாமென்றால் அப்பா கல்யாணசுந்தரம் கேட்டால்தானே!

“கோயமுத்தூர்ல இருந்து பூனா வரைக்கும் ஒத்தை ஆளா ஓட்டிட்டு வந்தவன்டா நானு. நான் இருக்கறப்ப டிரைவர் எதுக்கு? நீ பச்சை லைட்ட ஒரு வாரம் மாறாம எரிய வையி. மறுநாளே உங்கம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்.”

ஆட்டோ பழகிவிட்டது, நீ கொஞ்சம் ஓய்வெடு என்று அம்மாவும் அவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

ஏரவாடா மெக்கானிக் ஷாகுல் ஹமீது, திருகைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தேய்ந்திருக்கும் என்றார். போன வாரம் அவரே புது கார்புரேட்டர் மாட்டினார். இனி இது தானாக அசையாது என்று சத்தியம் செய்யாத குறை. அப்புறமும் இன்றைக்குச் சிவப்பு!

ஷ்யாம் இறங்கி, மறுபடி பானட்டைத் திறந்தான். பச்சை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

“இதுவும் நிக்கலீன்னா என்னால முடியாதுங்கப்பா” என்றான். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“வுடு கண்ணு. நிக்கலீன்னா அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றார் அப்பா.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தலைவலி தாங்காமல் ஆபீசிலிருந்து சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பினான். பார்க்கிங்கில் பியட்டின் பானட் திறந்திருந்தது. அப்பா ஸ்க்ரூடிரைவரோடு குனிந்திருந்தார். பக்கத்தில் அம்மா, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஷ்யாம் தூணோரமாகவே நின்றுவிட்டான்.

“ஏனுங்க, அது போல்ட்டு” என்ற அம்மா, அப்பாவின் விரலைப் பிடித்து நகர்த்தித் திருகின் மேல் வைத்தாள். “இதுதான். ரெண்டு சுத்து சுத்திப்போடுங்க. நான் ஆட்டோவுலயே போய்க்கறேன். உங்களுக்குக் கண்ணு தெரியலீங்கறது பையனுக்குத் தெரிய வேண்டாம்.”