முப்பத்தொன்றாவது குரல்

இது என் தோழி சொல்லிக் கேட்ட கதை. அவளும் நேரில் பார்த்தவள் இல்லை.

ஒரு வகுப்பறை மேசையில் ஒரு டேப்லட்டும் ஒரு பழைய டஸ்டரும் இருந்தன. பருவத் தொடக்கத்தில் சுகந்தி டீச்சர் சுவரில் ஓர் இலக்கை எழுதி ஒட்டியிருந்தார்: "முப்பத்தொரு பிள்ளைகளும் தாங்கள் வாசிப்பதை டேப்லட்டில் பதிவு செய்து கேட்க வேண்டும்." முப்பது பேர் கேட்டுவிட்டார்கள். வகுப்பில் வாயே திறக்காத மரிக்கொழுந்து மட்டும்தான் மிச்சம். டேப்லட்டுக்கு எந்நேரமும் அவள் நினைப்புதான்.

ஆயுத பூஜை வந்தது. டீச்சர் சந்தனம் குழைத்து, டேப்லட்டின் மேல் விளிம்பை நெற்றியாக எண்ணி, அதில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, பொண்ணு பார்க்கக் கிளம்பிட்டியா?" என்றது டஸ்டர்.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. எனக்கு இதுவரைக்கும் யாரும் பொட்டு வச்சதில்ல," என்றது டேப்லட்.

விடுமுறை முடிந்த முதல் நாள் மரிக்கொழுந்து தானாகவே எழுந்து வந்தாள். ஒரு பக்கம் முழுவதையும் வாசித்தாள். டீச்சர் பதிவை ஓடவிட்டார். சத்தமே வரவில்லை. வகுப்பு சிரித்தது.

"எனக்குக் குரலே இல்லையா டீச்சர்?"

"எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா," என்றார் டீச்சர். ஆனால் மெஷின் பொய் சொல்லாது என்று முன்பு சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

"தங்கமா வாசிச்சாளேடா, போட்டுக் காட்டு!" என்று பதறியது டஸ்டர்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலண்ணே," என்று அழுதது டேப்லட்.

மரிக்கொழுந்து அதன்பின் வாசிக்கவே இல்லை.

பிறகு ஒருநாள் நானே அந்தப் பள்ளிக்குப் போய் டேப்லட்டை வாங்கிப் பார்த்தேன். மேல் விளிம்பிலிருந்த மைக் துளைக்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.