கிளீனர் சீட்

"எல்லாம் கிளீனர் சீட்டுப் பக்கமே வரணும் பொன்னுவேலு. டிரைவர் பக்கம் இருக்குறது போதும்."

முருகவேல் சொன்னது, சாப்பாட்டுத் தூக்கோடு கடை வாசலில் வந்து நின்ற அவன் மனைவி தேவசேனாவின் காதில் நன்றாகவே விழுந்தது. நாயுடுபுரத்தில் லாரிகளுக்கு லைட்டும் ஹாரனும் மாட்டிக் கொடுக்கிற கடை அது. வாசலில் அவர்களுடைய ஆறு சக்கர லாரி இரண்டு கதவையும் திறந்து போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

கிளீனர் சீட்டா? கிளீனர் நின்று போய் மூன்று வருஷமாகிறது. மலைமேல் பூண்டியில் பூண்டும் கேரட்டும் ஏற்றி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்வரை முருகவேல் தனி ஆள்தான். அப்படியிருக்க, அந்த சீட்டில் உட்காரப் போவது யார்?

"சீட்டு மேல லைட்டு வெள்ளையா, மஞ்சளாண்ணே?" என்று கேட்டான் பொன்னுவேல்.

"மஞ்சளே போடு. வெள்ளை கண்ணைக் குத்தும்."

யாருடைய கண்ணையாம்? தேவசேனா தூக்கைப் பெஞ்சில் ணங்கென்று வைத்தாள். முருகவேல் திரும்பிப் பார்த்து, "வந்துட்டியா, உக்காரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் லாரிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"போன் சார்ஜுக்கு ஒரு பாயிண்ட் குடு. அப்புறம், சூடு குடுக்குற சீட்டு பேட் வந்துருக்குன்னியே?"

"இருக்குண்ணே. சுவிட்சைத் தட்டுனா ரெண்டே நிமிஷத்துல கதகதன்னு ஆயிரும்."

"அதையும் மாட்டு. பனியில நடுங்கிக்கிட்டே உக்கார முடியுமா?"

தேவசேனாவுக்கு வயிறு எரிந்தது. மார்கழியில் ஒரு ஸ்வெட்டர் கேட்டதற்கு, 'போன வருஷத்தது நல்லாத்தான கெடக்கு' என்று சொன்ன மனுஷன் இவன். இப்போது எவளுக்கோ சீட்டுக்கே சூடு வைக்கிறான்!

எவளுக்கோ என்ன, ஜெயாவுக்குத்தான். பூண்டியில் மூட்டை எடை போடுகிறவள். ஒரு மழை நாளில் இதே லாரியில் பெருமாள்மலை வரை வந்தாள். எல்லாம் அன்றைக்கு ஆரம்பித்ததாக இருக்கும்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக விளங்கியது. இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை, எதற்கென்று சொல்லாமல் மதுரைக்குப் போய்வந்தான். போதாக்குறைக்கு தேவசேனாவின் பழைய டிரைவிங் லைசென்ஸைத் தேடி எடுத்து, கூடவே வந்து நின்று புதுப்பித்துக் கொடுத்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே செண்பகனூரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். பெண்டாட்டியைப் பழையபடி பஸ் ஓட்ட அனுப்பிவிட்டால் அப்புறம் இவனைக் கேட்க ஆளேது!

"ரிவர்ஸ் கேமரா ஒண்ணு போட்டுரு பொன்னுவேலு."

"என்னண்ணே, கண்ணாடியப் பாத்தே சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்குற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்குக் கேமரா?"

"போடுப்பா. இனிமே வேணும்."

வேண்டும்தானே! பக்கத்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணாடியைப் பார்க்க நேரம் ஏது?

"கடைசியா ஒண்ணு. ஹாரனுக்கு இன்னொரு சுவிட்சு வை. கிளீனர் சீட்டுல இருந்து கைக்கு எட்டணும்."

அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை. கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த ஹாரனை ஒரு நாள்கூட அவளைத் தொட விட்டதில்லை. 'என் கை பட்டாத்தான் அது பேசும்' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான். அதையும் ஜெயாவுக்குக் கொடுக்கப் போகிறானா?

வேலை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கில் இருந்த சோறு ஆறிப்போனது. அவள்தான் ஆறவில்லை.

"முடிஞ்சுதுண்ணே. நீங்க சொன்னபடி டிரைவர் சீட்டையும் கொஞ்சம் முன்னால இழுத்து வச்சுட்டேன். ஒரு ரவுண்டு போய்ப் பாத்துருங்க" என்று பொன்னுவேல் கையைத் துடைத்தான்.

தேவசேனா எழுந்து போய் லாரிக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "யாரு உக்காரப் போறான்னு சொல்லிட்டு அப்புறம் வண்டியைத் தொடுங்க. அந்த ஜெயாவா? சூடும் வெளக்கும் ஹாரனும் அவளுக்குத்தானா? சொல்லிருங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிர்றேன்."

பொன்னுவேல் தலையைக் குனிந்துகொண்டான். முருகவேல் லாரிச் சாவியை அவள் கையில் வைத்தான். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"மதுரையில கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போனேன் புள்ள. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. ஓரப்பார்வை போயிருச்சாம், இனிமே திரும்பாதாம். ஸ்டியரிங்கையே தொடக் கூடாதுன்னுட்டாங்க" என்றான். "உன்னத் தவிர வேற யாரு கையிலயும் இந்த வண்டியக் குடுக்க மனசு வரல. நாளைக்கு வெள்ளனே பூண்டியில லோடு இருக்கு, ஏறு. ஹாரன் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."