அடகுக் கடைத் துப்பாக்கி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என் மாமா ராய்ஸ் சொல்லிக் கேட்டது. அமெரிக்காவில், அர்க்கன்சா மலையில் எங்கள் ஊர்க்காரர்கள் மான் வேட்டைக்குக் கூடும் குடிலுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. சொல்லி முடித்த பிறகும் அவருக்கே பல விஷயம் விளங்கவில்லை.

அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. மானைச் சுட்டுக் குறி தவறினால், தவறினவர் சட்டையின் பின்பக்கத்தை ஒரு சாண் வெட்டிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். கத்தரி மாமாவிடம் இருக்கும்.

நான் சொல்லும் அந்த நாளும், மாமாவைவிட மூத்தவரான வெண்டல் ஒரு மானைத் தவறவிட்டுத் தானாகவே வந்து முதுகைக் காட்டி நின்றார்.

"வெட்டு ராய்ஸு. குளிருது, சீக்கிரம்."

"அண்ணே, உங்களுக்கே இது நல்லா இருக்கா? சுவத்துல பாதி உங்க சட்டைதான். அண்ணி எங்களத் திட்டுது."

"துணி மலிவுதான்."

"துப்பாக்கியும் மலிவு. அதான் வினை. அந்த அடகுக் கடைச் சாமான ஓடையில தூக்கிப் போடுங்க. தண்ணிக் குழாயக் கட்டையில வச்சுக் கட்டின மாதிரி இருக்கு."

"குடுத்த காசுக்கு இது போதும்."

"என்ன போதும்? இத வாங்கின நாள்ல இருந்து ஒரு துண்டு கறி கண்டிருக்கீங்களா?"

"சத்தம் நல்லா வருதில்ல?"

குடிலே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

வெண்டல் வீட்டுப் பீரோவில் அவர் அப்பாவின் துப்பாக்கி இருக்கிறது. அதற்கு ஈடாக எங்கள் பக்கத்தில் இன்னொன்று கிடையாது. மழையில் கட்டை ஊறிவிடும் என்று அதை வெளியே எடுப்பதில்லை. நல்லதைப் பூட்டி வைத்துவிட்டுக் குப்பையைச் சுமந்து வருகிற கஞ்சன் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். மாமாவும் அப்படித்தான் நினைத்தார்.

அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு லோனி வந்தான். மூச்சு வாங்கியது. வாயெல்லாம் பல்.

"கொம்பு மான். வெளிய கெடக்கு. யாராச்சும் ஒரு கை பிடிங்க."

மாமாவுக்கு அப்போதுதான் நிம்மதி. வேலை பார்த்த கோழிக்கறி ஆலை மூடியதிலிருந்து லோனிக்கு நிலையான வேலை இல்லை. இரண்டு பெண் குழந்தைகள். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டுக்குக் கறி என்றால் இந்தச் சில நாள் வேட்டையில் கிடைப்பதுதான். சர்ச்சிலிருந்து மளிகைப் பெட்டி கொண்டுபோய் வைத்தார்கள். அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து சர்ச் வாசலில் வைத்துவிட்டான். மாமா ஒரு தடவை பாதி மான் தருகிறேன் என்றதற்கு, "நான் சுட்டதுதான் என் பிள்ளைங்க தட்டுக்கு வரும்," என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னவன்.

"எங்கடா மாட்டுச்சு?"

"என் பரணுக்கு நேரா. மேல அண்ணன் சுட்ட சத்தம் கேட்டுச்சு. மிரண்டு ஓடை வழியா இறங்கி, போன வருசம் மாதிரியே எம் முன்னாடி வந்து நின்னுச்சு." லோனி வெண்டல் பக்கம் திரும்பினான். "அண்ணே, உங்க துப்பாக்கிக்கு எண்ணெய் செலவு இனிமே என்னோடது."

"வாய மூடு. அது எம் மான்டா."

"வீழ்த்தினவனுக்குத்தானே சொந்தம்? வேணும்னா கொம்ப எடுத்துக்குங்க, ரசம் வைக்கலாம்."

"அதிர்ஷ்டக்காரப் பய," என்று முணுமுணுத்துக்கொண்டே வெண்டல் பீன்ஸில் சோள ரொட்டியை முக்கினார். கிழிந்த சட்டை பின்னால் ஆடியது.

சாப்பிட்ட பிறகு மாமா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நாளைக்கு என் துப்பாக்கிய எடுத்துட்டுப் போங்கண்ணே."

"பழகாத சாமான் எனக்கு ஒத்துக்காது."

"அப்ப இதக் குடுங்க. மேல குறி பாக்குற தொலைநோக்கி ஆடுது போல. திருகாணிய முடுக்கித் தரேன்."

"தொடாத."

அந்தக் குரலை மாமா அதற்கு முன் கேட்டதில்லை. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து வெண்டலே சிரித்து, ஜன்னல் வழியே எதிர் மலைச் சரிவைக் காட்டினார்.

"அங்க பாரு, பட்ட மரத்துல பருந்து. கால்ல எலி ஒண்ணு வச்சிருக்கு."

மாமா கண்ணை இடுக்கிப் பார்த்தார். மரமே சரியாகத் தெரியவில்லை.

"அவ்வளவு தூரத்துல எலி தெரியுது. பக்கத்துல நிக்கிற மான் தெரியலயா?"

"துப்பாக்கி மலிவாச்சே," என்றார் வெண்டல்.

போன வசந்தத்தில் லோனிக்குக் கல்குவாரியில் நிரந்தர வேலை கிடைத்தது. அதே மாதம் வெண்டல் அந்தத் துப்பாக்கியைப் பழைய சாமான்களோடு வீட்டு வாசலில் போட்டு விற்றார். மாமாதான் வாங்கினார். சட்டைத் துண்டுகளுக்கு நடுவில் மாட்டி வைத்துச் சிரிக்கலாம் என்று.

"மலிவா வாங்கினா என்ன ஆகும்னு சின்னப் பசங்களுக்குக் காட்டத்தான்," என்றார் என்னிடம். "ஆனா அந்த மனுசன் ஏன் அதையே கட்டிக்கிட்டு அழுதாருன்னு இன்னும் புரியல."

எனக்கும் புரியவில்லை. கேட்டதை அப்படியே எழுதவும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் அதைச் சுவரிலிருந்து இறக்கித் தரச் சொன்னேன். நூறு கஜத்தில் ஓர் அட்டையை நிறுத்தி, தொலைநோக்கியைத் தொடாமல், மூன்று தரம் சுட்டேன். நான் சுமாராகச் சுடுகிறவன்தான்.

மூன்று ஓட்டைகளையும் ஒரே சோடா மூடியால் மறைக்க முடிந்தது.