ரிசீவரில் வந்த உறுமல்

வானாய்வு மையத்தில் விண்மீன்களின் தாழ் அலைவரிசை முனகலைப் பிடிக்கும் ரிசீவர், அறைக்குள் இயக்குநர் வந்தால் உறுமியது. அவர் வெளியே போனால் அடங்கியது.

"வேற்றுக்கிரகத்துக்காரங்க என்னைத்தாம்மா தேடறாங்க! உடனே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடு" என்று குதித்தார் இயக்குநர்.

ரிசீவரைக் கவனிக்கும் பொறியாளர் யோசித்தாள். ஊரே கைகொட்டிச் சிரித்தால் அவள் வேலைக்கும் அல்லவா வேட்டு?

"சார், செல்போன், வாட்ச், கார் சாவி எல்லாத்தையும் வெளியே வச்சிட்டு வாங்க."

அப்படியே வந்தார். ரிசீவர் முன்னைவிடப் பலமாக உறுமியது.

"பார்த்தியா? ஆளையே தெரிஞ்சு வச்சிருக்காங்க!"

வேறு வழியில்லாமல் பத்திரிகை அலுவலகத்தைக் கூப்பிட மேசைத் தொலைபேசியை எடுக்கப் போனாள். அதுவே மணியடித்தது. இயக்குநரின் மனைவி.

"ஏம்மா, தொப்பை குறைக்கிற பேட்டரி பெல்ட்டைச் சட்டைக்குள்ள கட்டிக்கிட்டுப் போனாரே, ஒழுங்கா ஓடுதான்னு கேட்டுச் சொல்றியா?"

"கேக்கவே வேண்டாம் மேடம். பிரமாதமா ஓடுது!"