இரண்டு மணி நேரம்

அம்மா இருந்த ஊருக்கும் மகள் வேலை பார்த்த ஊருக்கும் ஆயிரத்து நூறு கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் கிடைக்காமல் அவள் மூன்று முறை பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தாள்.

காலை எட்டு மணிக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, அம்மா உன்னையே கேட்டுக்கிட்டு இருக்காங்க. உடனே கிளம்பி வா."

பத்தரை மணி விமானத்தில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ஒன்றரைக்கு அவள் வீட்டு வாசலில் இறங்கியபோது, தம்பி வருகிறவர்களுக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்போடா?" என்றாள்.

அவன் விழித்தான். "என்னக்கா கேக்குற? பதினோரு மணிக்கு உன் மடியிலதானே உயிர் போச்சு. உன்னைப் பாத்த பிறகுதான் நிம்மதியா கண்ணை மூடினாங்க."

"நான் இப்பதான்டா வந்து இறங்குறேன்."

"அழுது அழுது உனக்கு ஒண்ணுமே புரியல. அம்மா பக்கத்துல உக்காந்திருந்தவ எப்ப வெளிய வந்தே?"

அவள் பதில் சொல்வதற்குள் உள் அறையிலிருந்து அழுகை கேட்டது. அவளுடைய குரலேதான்.

தம்பி உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தபடியே ஓரடி பின்னால் நகர்ந்தான்.