சத்தமில்லாத வேட்டை

“நாய் குரைத்ததா? தகரம் தட்டினார்களா? யாராவது கூச்சல் போட்டார்களா?”

பிஷப் அனுப்பியிருந்த விசாரணைச் சாமியார் கேட்டது இவ்வளவுதான்.

கேள்வி லூர்தம்மாளுக்கு. புருஷன் சின்னப்பனைப் போன வாரம்தான் புதைத்திருந்தாள்.

சாமியார்கள் வேட்டையாடுவதைப் பற்றிச் சபையில் பல நூறு வருஷத்துச் சட்டம் இருக்கிறதாம். நாயும் ஆளுமாகக் கூச்சலிட்டு விரட்டினால் குற்றம். சத்தமில்லாமல் சுட்டால் பாதகமில்லை.

செத்தது பன்றியா மனுஷனா என்று அந்தச் சட்டத்துக்குக் கேட்கத் தெரியாது போலிருக்கிறது.

அவனைச் சுட்ட பங்குச் சாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையை எத்தனையோ முறை முத்தமிட்டிருக்கிறாள். இப்போது நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

ஜவ்வாது மலையடிவாரத்துக்கு அவர் கூட்டிப்போனது இரண்டே பேரைத்தான். பன்றியைக் கிளப்பிக் காடு கலைக்கச் சின்னப்பன், சோறு பொங்க அவள்.

‘குடித்துவிட்டுப் புதருக்குள் கிடந்தான், பன்றி என்று நினைத்துவிட்டேன்’ என்றார். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமே குடியின் கேட்டைப் பற்றித்தான்.

அன்றைக்கு அவன் குடித்தது அவள் ஊற்றிய கேழ்வரகுக் கூழ் மட்டும். பெண்டாட்டி சொன்னால் யார் நம்புவார்கள்? ஆம்பூர் தோல் ஷாப்பில் அவனோடு தோல் அலசியவர்கள் விசாரணை அறை வாசலில் கும்பலாக நின்றார்கள். அவர்களே நம்பவில்லை.

சத்தியம் செய்யச் சொல்லிச் சிலுவையை அவள் கையில் கொடுத்தார்கள்.

“தட்டுனாங்க சாமி,” என்றாள். “எங்க வூட்டுக்காரு தகரத்தத் தட்டிக்கினே, ஓய் ஓய்னு கத்திக்கினே போனாரு. மலையே அதிர்ந்துச்சு.”

சிலுவையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன முதல் பொய்.

விசாரணைச் சாமியாரின் முகம் கறுத்தது.

பங்குச் சாமியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அண்டப்புளுகு! வாயே தொறக்கக் கூடாதுன்னு நான்தான் அவனுக்குக் கண்டிச்சுச் சொன்னேன். பொதருக்குள்ள தவழ்ந்துதான் போகணும்னேன். அப்படியேதான் போனான். ஒரு சத்தம் இல்ல!”

விசாரணைச் சாமியார் பெருமூச்சு விட்டார். அவள் சொன்னதை அடித்துவிட்டு, சத்தமில்லை என்று நிம்மதியாக எழுதிக்கொண்டார்.

லூர்தம்மாள் அவரைப் பார்க்கவில்லை; பங்குச் சாமியார் கத்தியது வாசல்வரை கேட்டிருந்தது.

குடிகாரன் சாவு என்று பெட்டி தூக்கக்கூட வராத சின்னப்பனின் அண்ணன், கும்பலை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தான்.