ஐந்தருவியில் கொட்டிய குளவி

“நல்லா அழுத்தி எழுதுங்க. இனிமே அந்த நர்ஸு எந்தப் பிள்ளைக்கும் ஊசி போடக் கூடாது” என்றாள் என் மனைவி ஜெனி.

தென்காசி ஆஸ்பத்திரிக் கட்டிலில் எங்கள் ஒன்றரை வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட ஐந்தாவது நிமிடம் அவளுக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறியது. நர்ஸ் மாரிச்செல்விதான் உடனே அதற்கான மருந்தை ஏற்றி, மடியில் வைத்தே இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். இப்போது கதவோரம் நின்று அழுதாள்.

“எதையாவது தின்னு பிள்ளைக்கு வீங்கியிருக்கான்னு கேட்டேன்லாக்கா? இல்லைன்னுதான சொன்னிய? அண்ணனும் பக்கத்துலதான நின்னாவ?”

நான் தலைநிமிராமல் புகாரை எழுதிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வந்தார். “அந்தத் தடுப்பு மருந்துல கொஞ்சம் ஜெலட்டின் இருக்கும்மா. ரொம்ப அபூர்வமா சில பிள்ளைகளுக்கு ஒத்துக்காது. டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியா தெரியும். ஜெல்லி மிட்டாய்லயும் அது இருக்கும். எப்பவாவது குடுத்தீங்களா?”

“கடைப் பண்டத்தையே நான் அண்ட விட மாட்டேன் டாக்டர். போன மாசம் ஐந்தருவியில உதடு வீங்குச்சு. ஆனா அது குளவி கொட்டுனது. இவியதான் பிள்ளைய வச்சிருந்தாவ, கேளுங்க.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஐந்தருவியில் நான் எந்தக் குளவியையும் பார்க்கவில்லை. ஜெனி குளித்துவிட்டு வருவதற்குள், மிச்சமிருந்த ஜெல்லி மிட்டாயை ஓடுகிற தண்ணீரில் எறிந்துவிட்டிருந்தேன்.